வலது சக்கரத்து போல்ட்

இருபத்திரண்டாவது நாள் காலை வசோங்கா வாளிக்குள் கையை விட்டான். பதினோரு வருடமாக எதற்குப் பயந்தானோ அது கையோடு வந்தது.

விரல் நீள போல்ட். மூன்று வாரம் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் ஊறியதில் துரு முழுக்கப் போயிருந்தது. நுனியில் இருந்த சின்ன ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது.

இடது சக்கரத்து போல்டையும் எடுத்துப் பார்த்தான். அதில் நட்டு இருந்தது. நட்டு கழலாமலிருக்க ஓட்டையில் கோத்து, இரண்டு காலையும் மடக்கிவிடும் கம்பிப் பின்னும் இருந்தது, துரு தின்று ஊசியாய் இளைத்து.

"என்ன ஃபுண்டி, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றான் பக்கத்துப் பட்டறை வெல்டர் ஒலாங். அந்த ஊரில் மெக்கானிக் எல்லோருமே ஃபுண்டிதான். "பாகு நாத்தம் தலைக்கு ஏறிருச்சா?"

வசோங்கா போல்டை நீட்டினான். "ஒதெராவோட பெஜோ காரு. வலது சக்கரம்."

ஒலாங் சிரிப்பை நிறுத்திவிட்டு அதைத் திருப்பிப் பார்த்தான். "பின் ஒடிஞ்சு விழுந்திருக்கும்."

"ஒடிஞ்சா துண்டு உள்ள நிக்கும். பாகு துருவைத்தான் தின்னும், இரும்பைத் தின்னாது. நான் பின் போடல ஒலாங்."

"ஓட்டை ஓரத்துல என்ன கீறல்?"

"கார் உருண்டப்போ கல்லு பட்டிருக்கும்."

பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமை பட்டறையில் ஏழு வண்டி நின்றது. ஒதெராவின் காரில் ஸ்டியரிங் வேலை முடித்து, சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய் விட்டான். இடது பக்கம் பின் மடக்கியது ஞாபகம் இருந்தது. வலது பக்கம் ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை காலை நந்தி மலை இறக்கத்தில் ஸ்டியரிங் பிடி விட்டு, கார் உருண்டு ஒதெரா செத்தான். ஒதெரா குடித்திருந்தான் என்று போலீஸ் எழுதி முடித்தது. அது பொய்யும் இல்லை.

அதிலிருந்து ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்ததும் வசோங்கா ஒதெராவின் மனைவி ரோஸ்லிடா வீட்டுக்குப் போனான். பம்பு, கூரைத் தகரம், கேட்டுக் கீல், எது கெட்டாலும் அவன்தான். முற்றத்தில் இருந்த ஒதெராவின் சமாதிக்கு முதுகைக் காட்டியே வேலை செய்வான். அந்த வீட்டில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

இப்போது அவள் மகன் தன் கல்யாணத்துக்கு அப்பாவின் காரில்தான் போவேன் என்றான். தார்ப்பாயை விலக்கி, விபத்திலிருந்து அப்படியே கிடந்த காரைப் பட்டறைக்கு இழுத்து வந்ததும் வசோங்காதான்.

"புது போல்ட் போட்டு மாட்டிரு," என்றான் ஒலாங். "அந்த அக்கா உன்னைக் கூடப் பொறந்தவனா நெனைக்குது. பதினோரு வருஷம் கழிச்சு யாரு கேக்கப்போறா?"

வசோங்கா போல்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ரோஸ்லிடா முற்றத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் இடது கையால் கெட்டிலைத் தூக்கினாள். வலது மணிக்கட்டு திரும்பாது. ஒதெரா இருந்த காலத்தில் ஒடிந்தது. கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்று அப்போது சொன்னாள்.

"இன்னிக்கு ஞாயிறு இல்லியே ஃபுண்டி? உக்காரு. உகாலி இருக்கு, மீன் இருக்கு."

"வேண்டாம்க்கா."

"பதினோரு வருஷமா வேண்டாம். என் சமையல்ல என்ன, விஷமா இருக்கு?"

அவன் உட்காரவில்லை. போல்டை எடுத்துக் கடலைக் கூடையின் ஓரத்தில் வைத்தான்.

"வலது சக்கரத்தோடது. இதுல ஒரு பின் இருக்கணும். இல்லாட்டி நட்டு கழண்டுரும், ஸ்டியரிங் போயிரும். அந்தச் சனிக்கிழமை நான் போட மறந்துட்டேன்."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அவர் குடிச்சதால சாகலக்கா. என்னால செத்தாரு."

"உள்ள துண்டு கிண்டு எதுவும் இல்லியா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"ஊசி விட்டுக்கூடப் பாத்தேன். சுத்தமா இருக்கு." கேட்டைக் காட்டினான். "ஒவ்வொரு தடவை இந்தக் கேட்டைத் தொறக்கும்போதும் சொல்லணும்னுதான் வருவேன். பம்பைப் பாத்துட்டுத் திரும்பிருவேன்."

"வேற யாருகிட்ட சொன்ன?"

"ஒலாங்குக்குத் தெரியும். அடுத்து போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போறேன். உங்ககிட்ட முதல்ல சொல்லணும்ல."

"போய்?"

"எழுதிக் குடுப்பேன். என்ன பண்ணணுமோ பண்ணட்டும்."

"உன் பொண்டாட்டி?"

"அவகிட்ட இன்னும் சொல்லல."

அவன் திரும்பிக் கேட்டை நோக்கி நடந்தான். பின்னால் கூடை கவிழ்ந்து கடலை சிதறும் சத்தம் கேட்டது.

"நில்லு வசோங்கா."

பதினோரு வருடத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. திரும்பினான். அவள் எழுந்து நின்றிருந்தாள். வீட்டுக்குள் மகனின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீ மறக்கல," என்றாள். "நீ போட்ட பின்னை நிமித்தி உருவ எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசும் ஆச்சு."