மேகலா அடித்த கோல்

கால்பந்து இறுதிப் போட்டியில் மேகலா அடித்த கோலைப் படமாக எடுத்திருந்தார்கள். இப்போதெல்லாம் எந்தப் படத்திலும் பார்ப்பவரின் முகம்தான் நாயகனுக்கு வரும். அதனால் வியாசர்பாடியில் ஆளாளுக்கு அந்த கோலை அடித்துவிட்டார்கள்.

"கீப்பர் வலப்பக்கம் சாஞ்சான், நான் இடது கால்ல வுட்டேன் பாரு," என்று மாவு மில்காரர் அவளிடமே சொன்னார்.

"அண்ணே, அது நான் அடிச்சது."

"உன் வீட்ல அப்டி காட்டிருக்கும்மா. எல்லாருக்கும் அப்டித்தான் காட்டுது."

எரிச்சலோடு வீட்டுப் படியேறினாள். அந்த கோலை அடித்த வேகத்தில் கீப்பரோடு மோதி மடங்கிய இடது முட்டி, வழக்கம்போல் குத்தியது. அதன்பிறகு அவள் ஆடவே இல்லை. அன்று அவளை மைதானத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் கணவன் டில்லிபாபு. அவன் ஒருத்தன் சாட்சி போதும்.

அவன் மறுபடியும் படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் கால்நீட்டிக் கிடந்தான்.

"யோவ், மில்காரர் இன்னா சொல்றார் தெரியுமா?"

"அத்த வுடு மேகலா. அந்தத் தைலத்த எடு," என்றான், இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டே. "அந்த கோல் அடிச்சதுலேர்ந்து வலி தாங்கல."