ரீச்சரின் காரும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும்

"ஒரு போத்தல் மண்ணெண்ணெயிலை எட்டுக் கட்டை ஓடுதாம், கமலாசனி ரீச்சரின்ரை கார்!"

மனைவி விமலேஸ்வரி சொன்னதைக் கேட்டு அப்புத்துரைக்குத் தேத்தண்ணி புரையேறியது.

"ஆர் உமக்குச் சொன்னது? விசர்க் கதை. என்ரை கார் அஞ்சு கட்டை, அஞ்சே அஞ்சு மைல், போறதுக்கே மூச்சு வாங்குது."

"அவாவின்ரை கார் ஓடுது. உங்கடை கார் மாட்டுக்கொட்டிலுக்கை நிக்குது. எது விசர்க் கதை?"

முரசுமோட்டையில் வாடகைக் கார் ஓட்டியே குடும்பத்தைக் காத்தவர் அப்புத்துரை. போர்த் தடையால் வன்னிக்குள் பெற்றோல் வராமல் போனதும் எல்லாரையும் போல மண்ணெண்ணெயில் ஓடிப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. இப்போது பிரஷர் பார்க்க மனைவியைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அடுத்தவர் வாகனத்தை எதிர்பார்க்கும் நிலை. இன்றைக்கு ஏற்றிப்போக வருகிறேன் என்றிருந்தவர் அந்த ரீச்சர்தான்.

கார் படலைக்கு முன்னால் மெல்ல ஊர்ந்து வந்து நின்றது. சின்னக் கார்தான், ஆனால் பணக்காரக் கார். தோல் சீற், பளபளக்கும் மரப்பலகை பதித்த முன்பக்கம். வெளிநாடு போன தமையன் தங்கைக்கு விட்டுப்போனது. பாவம், அதுவும் இப்போது குசினி அடுப்பைப் போல மண்ணெண்ணெய் மணத்துக்கொண்டு நின்றது.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. எண்ணெயை நானே ஊத்திப் பாக்கட்டே?"

"ஓம் அண்ணை, தாராளமாய். நீங்கள் முன்னுக்கு ஏறுங்கோ. விமலாக்கா பின்னுக்குச் சாய்ஞ்சு இருக்கட்டும்."

பொன்னெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த எண்ணெய்க் கானை வடித்துவிட்டு, அளந்து ஒரு போத்தல் ஊற்றினார் அப்புத்துரை. வேறு குழாய் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்றும் தடவிப் பார்த்தார். இல்லை. ரீச்சர் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் இரண்டு சொட்டுக் காட்டியதும் எஞ்சின் உறுமிக்கொண்டு எழும்பியது.

ரீச்சர் ஓட்டிய விதம் அவருக்குப் புதினமாக இருந்தது. குண்டும் குழியுமான அந்த ரோட்டில் ஒரு சைக்கிள்காரன் கூட அவர்களை முந்திக்கொண்டு போனான். ரீச்சருக்கு ரோசமே வரவில்லை. தூரத்தில் மாட்டுப்பட்டி ஒன்று குறுக்கே இறங்குவது தெரிந்தது. அப்புத்துரையின் வலக்கால் தன்பாட்டில் தரையை அமத்தியது. ரீச்சரோ அந்தத் தூரத்திலேயே அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்துவிட்டார். கார் களைத்துக் களைத்து உருண்டுபோய்ச் சேரவும், கடைசி மாடு ரோட்டைக் கடக்கவும் சரியாக இருந்தது.

"எப்பிடி ரீச்சர் இவ்வளவு கணக்காய்?"

"தூரத்தைப் பாத்து ஓடவேணும் அண்ணை. முன்னுக்கு என்ன வரப்போகுது எண்டதிலைதான் கண் இருக்கவேணும்."

பரந்தன் சந்தியிலும் அதே கதைதான். சந்தி தெரிந்ததுமே வேகத்தை விட்டு, கியரைக் குறைத்து, எதிரே வந்த உழவு இயந்திரம் திரும்பி முடியும்வரை நின்றும் நிற்காமலும் நகர்ந்து, அப்படியே வளைத்துவிட்டார். அப்புத்துரைக்கு ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது. தான் இத்தனை காலமும் எப்படி ஓடினேன் என்று நினைத்துப் பார்த்தார். அக்சிலேற்றரைப் பிடித்து அமத்துவது, கிட்டப் போய்ச் சடக்கென்று நிப்பாட்டுவது, பிறகும் பிடித்து அமத்துவது. எண்ணெய் குடிக்காமல் என்ன செய்யும்?

"ஆர் ரீச்சர் உங்களுக்கு இப்பிடி ஓடப் பழக்கினது?"

"ஒருத்தரும் பழக்கேல்லை அண்ணை. தேவை வந்தால் தன்பாட்டிலை வரும்."

ரீச்சர் சிரித்தார். பின்னால் விமலேஸ்வரியும் சிரித்தாள். "இவர் ஓடினால் எனக்குக் குடல் வாய்க்குள்ளை வரும் ரீச்சர். உங்களோடை வந்தால் நித்திரை வருது."

கரடிப்போக்குச் சந்தியும் வந்தது. அப்புத்துரையின் கார் ஒரு போத்தலில் செத்துப்போகும் இடம். அவர் காதைக் கூராக்கி எஞ்சினைக் கேட்டார். இருமல் இல்லை, விக்கல் இல்லை. கார் அதைத் தாண்டியும் ஓடியது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வெகு முன்னமே ரீச்சர் எஞ்சினை நிப்பாட்டிவிட்டார். கார் சத்தமில்லாமல் உருண்டு, ஓரமாய்க் கிடந்த மணல்மேட்டில் மூக்கை வைத்து நின்றது. அப்புத்துரை பாய்ந்திறங்கிப் பொன்னெட்டைத் திறந்து, கானை அவிழ்த்துத் தூக்கி ஆட்டினார். உள்ளே இன்னும் எண்ணெய் சலசலத்தது!

"விமலா, இஞ்சை பாரும்! மிச்சமும் கிடக்கு! நாளைக்கே என்ரை காரை வெளியிலை எடுக்கப்போறன். ரீச்சர் ஓடின மாதிரியே ஓடப்போறன். உம்மை இனி நானே கொண்டந்து காட்டுவன்."

விமலேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "முதலிலை ஓடிக் காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

அவள் வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்த ரீச்சர், குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, அக்கா பயந்துபோவா எண்டுதான் வழியிலை கேக்கேல்லை. நீங்கள் பழைய கார்க்காரர், உங்களுக்கு நாலு இடம் தெரிஞ்சிருக்கும். இந்தக் காருக்குப் போன மாரியிலை இருந்து பிறேக் இல்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு இங்காலை சாமானொண்டும் வருகுதில்லை. எங்கையாவது ஒரு பழைய பிறேக் செற் எடுக்கலாமோ?"