கூப்பிட்ட குரலுக்கு வந்தவர்

மாநகர மக்களின் மேலான கவனத்திற்கு: இடிந்த பாலத்தை ஒற்றைத் தோளில் தாங்கிய மாவீரர் இதோ ஆஸ்பத்திரி வார்டுக்குள் எழுந்தருளுகிறார். மத்தியான வெயில் அவருடைய வெள்ளிக் கவசத்தில் பட்டு, சுவரெல்லாம் தெறிக்கிறது. நர்ஸ் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறாள். கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர் அவருடைய அப்பா. மகன் வெறும் குமாஸ்தாவாகிப் போனதில் அப்பாவுக்கு ஆயுள் முழுக்க மனக்குறை. கடைசியாக மாவீரரைப் பார்த்தாலாவது மனம் குளிரட்டும் என்றுதான், மகன் நடைக்கோடிக் கழிப்பறையில் உடை மாற்றி வந்திருக்கிறான். “பெரியவரே, நான் இருக்கிறேன், கலங்காதீர்கள்” என்று மேடைக் குரலில் முழங்குகிறார் மாவீரர். “சந்தோஷம் தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லு, வாசலை மறைக்கிற” என்கிறார் அப்பா. “என் பையன் இப்பத்தான் வெளிய போனான். அவனக் கூப்பிடு.” மாவீரரின் கை முகமூடி வரைக்கும் போகிறது, நர்ஸின் செல்போனைப் பார்த்ததும் இறங்கிவிடுகிறது. கழிப்பறைக்கு ஓடுகிறார். பாலத்தைத் தாங்கியவரின் கைக்கு, இந்த அவசரத்தில் முதுகுப்பக்க ஜிப் எட்டவில்லை. வீட்டில் அதை மனைவிதான் இழுத்துவிடுவாள். பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையோடு மகன் திரும்பி வரும்போது, நர்ஸ் போர்வையை அப்பாவின் முகத்துக்கு மேல் இழுத்துவிட்டிருக்கிறாள்.

“எங்க சார் போனீங்க? அவ்ளோ பெரிய மனுஷரே வந்து பார்த்துட்டுப் போயிட்டாரு.”

“பாத்ரூம்ல இருந்தேன் சிஸ்டர்” என்கிறான் மகன்.

அது உண்மைதான்.