நான்கு விரல் இடைவெளி

ஒஹாகா மலையூரில் சிலுவைத் திருநாள் காலை. கொத்தனார்கள் பண்டிகை கொண்டாடும் நாளில் நிக்கனோர் மேஸ்திரி மட்டும் சாரத்தில் நின்று, தான் பூசியதைத் தானே கொத்திக்கொண்டிருக்கிறார். ‘ட’ போல மடங்கிய புதுப் பள்ளிக்கூடத்தின் மூலையில், இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே விட்டிருந்த நான்கு விரல் இடைவெளியை அசிங்கமென்று சிமெண்டால் அடைத்துவிட்டிருந்தார். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. கீழே பெரிய சட்டியில் பன்றிக்கறி பொரிகிறது.

“அழகா அடைச்சது ஒரு குத்தமா, இன்ஜினியரம்மா?”

“பழைய பள்ளிக்கூடம் நிலநடுக்கத்துல எங்க பொளந்துச்சு, மேஸ்திரி?” என்கிறாள் யூரிடியா, கீழிருந்து.

உளி ஒரு கணம் நிற்கிறது. “இதே மூலையிலதான்.”

“ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி ஆடும். ஒட்டிவெச்சா ஒண்ணையொண்ணு கிழிச்சிரும். அதான் கட்டட விதியில பிரிக்கச் சொல்றான்.”

உளி மறுபடி கொத்துகிறது. கடைசிக் கட்டி உதிர்ந்ததும் இடுக்கு வழியே ஒரு கோடு வெயில் பாய்ந்து முற்றத்தில் விழுகிறது. காகிதப்பூச் சுற்றிய சிலுவையை ஆட்கள் மேலே ஏற்றுகிறார்கள். அதன் கைகள் இரண்டு சுவர்களையும் தொடுகின்றன. ஒருவன் சுத்தியலை ஓங்குகிறான். மேஸ்திரி சாரத்திலிருந்து கத்துகிறார்:

“டேய், ஒரு பக்கம் மட்டும் ஆணி அடிடா! மறு கை சும்மா இருக்கட்டும். சாமியும் ஆடணும்ல!”