தொடாத பஸ்ஸர்

பள்ளிகளுக்கிடையேயான வினாடி வினா இறுதிச் சுற்று. கடைசி வரிசையில் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

மேடையில் மகள் பஸ்ஸரைத் தொடவே இல்லை. எதிரணி "மூன்று" என்று சொல்லி மார்க்கைத் தட்டிக்கொண்டு போனது.

"ஐயோ, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாளே!" என்று மனைவியிடம் பொருமினார்.

"முதல்ல காலை ஆட்டாம உட்காருங்க. வரிசையே ஆடுது!"

அடுத்தடுத்த கேள்விகளுக்கும் மகள் சிலையாக உட்கார்ந்திருந்தாள். அவர் நகம் தீர்ந்து விரலைக் கடித்தார்.

கடைசிக் கேள்வி. "சூரியனைச் சுற்றுவதைவிட, தன்னைத்தானே சுற்ற அதிக நாள் எடுத்துக்கொள்ளும் கோள் எது?"

பளிச்சென்று பஸ்ஸரை அடித்தாள் மகள். "வெள்ளி!"

சரியான விடைதான். ஆனால் கோப்பை எப்போதோ கைநழுவிவிட்டது.

வாசலில் அவளை மடக்கினார். "இவ்வளவு கஷ்டமானதைச் சொல்லத் தெரியுது, சுலபமானதுக்கெல்லாம் வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் பதில் சொல்வதற்குள் போட்டி அமைப்பாளர் ஓடிவந்து அவர் கையைப் பற்றிக் குலுக்கினார்.

"பொண்ணு போட்டியில இருந்தும் உங்களை நம்பிக் கேள்வி தயாரிக்கச் சொன்னது வீண்போகலை சார். ஒண்ணுகூட வெளியில கசியல!"

அமைப்பாளர் நகர்ந்ததும், மகள் தலை நிமிராமல் சொன்னாள்.

"நான் பதில் சொன்ன கேள்வியை மட்டும்தான்ப்பா நீங்க வீட்டுல கேட்கல."