பிசிறில்லாத பதிவுகள்

இருநூற்றுப் பத்தாவது ஃபைலும் மாறி முடிந்தது. வேவ் வடிவத்திலிருந்த பாட்டு ஃப்ளாக் வடிவம் ஆனது. இடம் பாதியாகக் குறைந்தது, ஒலியில் இம்மியும் குறையவில்லை.

சரியாக மாறியதா என்று மென்பொருளே சோதித்துப் பச்சை டிக் போட்டுவிடும். யாரும் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை.

ஜெயந்த் கேட்டான். பெஹாலா வீட்டுக் கூடத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக.

ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்வதால் பாட்டையெல்லாம் மாற்றி வைப்பதாக ஆபீஸில் சொல்லியிருந்தான். எல்லாம் மனைவி பத்மஜா பாடியவை. அவன் தேடியது பத்மஜாவின் குரலை அல்ல.

தாரா போய்ப் பதினோரு மாதம். டெங்கு, ஐந்தே நாள். எட்டு வயது.

ஃபோட்டோ ஆயிரம் இருக்கிறது. குரல்தான் இல்லை. ஃபோனை நீட்டினால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஊமையாகிவிடுவாள். பூஜைப் பந்தலில் எடுத்த இரண்டு வீடியோவிலும் தாக் மேளம்தான் கேட்கிறது.

மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாது. அம்மா பாடினால் கூடவே பாடுவாள், நடுவில் சந்தேகம் கேட்பாள், பொம்மையோடு பெங்காலியில் சண்டை போடுவாள்.

ஜெயந்துக்குப் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். ஃபேனை நிறுத்துவான், ஜன்னலைச் சாத்துவான். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தாரா புகுந்த இடங்களைத் தேடித் தேடி வெட்டுவான். வெட்டாத மூலத்தை, இடத்தை அடைக்கிறதென்று அழித்துவிடுவான்.

ஒரு பிசிறு இருக்காது. கேட்டவர்களெல்லாம் எந்த ஸ்டூடியோ என்று விசாரித்தார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பாவி.

தெரு மீன்காரனின் கூவல்கூட ஏழு ஃபைலில் தப்பிப் பிழைத்திருந்தது. தாரா ஒன்றிலும் இல்லை.

இருநூற்றுப் பதினொன்றிலும் இல்லை.

"ஏதாவது கேக்கறதா?"

பத்மஜா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு ஃபைலுக்கும் கேட்கிறாள். அவன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

இருநூற்றுப் பன்னிரண்டு, கடைசி. தோடி ஆலாபனை. பாட்டு முடிந்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாலை வெட்ட மறந்திருக்கிறான்!

கொலுசுச் சத்தம். உள்ளறையிலிருந்து ஓடி வருகிறது. கிட்டே, மைக்குக்கு வெகு கிட்டே.

ஜெயந்த் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"உஷ்! இன்னும் ரெக்கார்டிங் போயிண்டிருக்கு. வாயைத் திறக்கப்படாது!"

அவனுடைய குரல்தான். துல்லியமாக, ஒரு பிசிறில்லாமல்.

கொலுசு நின்றது. பிறகு பதினோரு விநாடி ஒன்றுமே இல்லை. பதிவு முடிந்தது. திரையில் பச்சை டிக் விழுந்தது.

ஒலியை முழுக்க ஏற்றி, அந்தப் பதினோரு விநாடியை மறுபடி மறுபடி கேட்டான். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

தாரா அப்பா பேச்சை மீறாத குழந்தை.