பொமேடு செல்லக்கண்ணு

பாடையைத் தூக்க நான்கு பேர் குனிந்த நேரத்தில், கையில் ஒரு பச்சை டப்பாவோடு பேச்சியம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்க. அவருக்குத் தலை சீவோணும்."

எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் மேளம் சட்டென்று நின்றது.

தலையெல்லாம் எப்போதோ சீவியாகிவிட்டது. சொந்தபந்தங்கள் வரிசையாக வந்து புறங்கையால் எண்ணெயும் அரப்பும் வைத்து, குளிப்பாட்டி, ஈரத்தோடு முடியை நெற்றிவரை படிய வாரிவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பையன் மாதிரி கிடந்தான் செல்லக்கண்ணு. கட்டின பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியவில்லை. இந்த முகத்தையா கடைசியாகப் பார்த்து அனுப்புவது? அது மட்டும் நடக்காது என்று பேச்சியம்மா முடிவு பண்ணிவிட்டாள்.

உயிரோடு இருந்தவரை அவன் தலை கலைந்து எஸ்டேட்டில் ஒருத்தரும் பார்த்ததில்லை. இடது பக்கம் வகிடு, முன்னால் ஒரு மேடு, பின்னால் வழுவழுவென்று இறக்கம். மழை கொட்டினாலும் மூடுபனி இறங்கினாலும் அந்த மேடு அசையாது. தேங்காயெண்ணெய்க்கு அந்தச் சாமர்த்தியம் ஏது?

குன்னூர் பஜாரில் நூருல்லா கடையில் ஒவ்வொரு டப்பாவாக மூடியைத் திறந்து, முகர்ந்து, விரலால் தொட்டு இழுத்துப் பார்த்துப் பொறுக்கிய பொமேடு அது. ஒன்று பிசுபிசுத்தது. இன்னொன்றின் வாசனை மூக்கைத் துளைத்தது. இந்தப் பச்சை டப்பாதான் பனிக்கும் நின்றது, மூக்குக்கும் அடங்கியது.

'பொமேடு செல்லக்கண்ணு' என்றே பேராகிவிட்டது. தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டப் போகிறவனுக்கு என்னத்துக்கு மாப்பிள்ளைக் கோலம் என்று, காலையில் மஸ்டரில் பேர் கொடுக்க நிற்கும்போது சிரிக்காத ஆளில்லை. அவன் ஒருத்தருக்கும் பதில் சொன்னதில்லை.

அவனுடைய அண்ணன் நஞ்சப்பனுக்குத்தான் ஆறவே இல்லை. வெள்ளைக்காரத் தொரை போய் நம்மூர்த் தொரை வந்த புதிதில், அவர் காலில் கையில் விழுந்து தம்பிக்கு பேக்டரியில் வேலை வாங்கித் தந்தவர் அவர். மழை கிடையாது, அட்டைக்கடி கிடையாது, கதகதப்பான இடம். ஆனால் தேயிலை பொல்லாத சாமான். பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் பேக்டரிக்குள் பூ கூடாது, பவுடர் கூடாது, பொமேடும் கூடாது.

செல்லக்கண்ணு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எனக்குத் தேயிலைக் காடே போதும் என்று கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த மழையும் குளிரும்தான் நெஞ்சில் சளியாகக் கட்டி ஆளையே கொண்டுபோய்விட்டது என்று, நேற்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நஞ்சப்பன் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

இப்போது அவர்தான் பாய்ந்து வந்தார்.

"ஏம்புள்ள, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? இந்த மசுர மினுக்கறதுக்குத்தான பேக்டரி வேலைய உட்டுப்போட்டு நனைஞ்சே செத்தான்? போறப்பவாச்சும் மனுசனாட்டப் போகட்டும், உடு!"

பேச்சியம்மா பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திருகினாள்.

தை மாதக் குளிரில் பொமேடு கல்லாக இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். உருகவில்லை. அவள் கையும் விறைத்திருந்தது. அவன் தலையிலும் சூடு இல்லை.

இழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. நெருப்பு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். பாடைக்கு முன்னால் தூக்கிப்போக வைத்திருந்த கொள்ளிச் சட்டி.

எழுந்துபோய் அதன்மேல் டப்பாவைக் காட்டினாள்.

"அடிப் பாவி!" என்று பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். பக்கத்து வீட்டு மருதாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சாங்கியமெல்லாம் போச்சே என்று யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொள்ளட்டும். நாளையிலிருந்து இந்த லயத்தில் தன்னைப் பற்றி என்னென்ன பேசுவார்கள் என்று பேச்சியம்மாவுக்குத் தெரியாதா? பேசிவிட்டுப் போகட்டும்.

பொமேடு இளகியது. இரண்டு கையிலும் வழித்துக்கொண்டு வந்து, நெற்றியிலிருந்து பின்னால் நிதானமாகத் தடவினாள். படிந்து கிடந்த முடி எழுந்தது. சீப்பின் நுனியால் வகிடு எடுத்தாள். முன்மேட்டை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிவிட்டாள். இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இப்போது அவள் புருஷன்தான்.

தடுக்க வந்த நஞ்சப்பன், அவள் கை ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"அப்படி என்ன புள்ள ஆசை அவனுக்கு இதுமேல?"

"அவருக்கு எங்கீங்க மாமா ஆசை?" என்றாள் பேச்சியம்மா, சீப்பைத் துடைத்துக்கொண்டே. "இந்த வாசம்னாலே அவருக்குக் கொமட்டுமுங்க. கண்ணாடிகூடப் பாக்க மாட்டாருங்க. எனக்குத்தானுங்க புடிக்கும். தெனமும் உக்கார வெச்சு நான்தான் பூசி உடுவேன்."

கீழே கிடந்த டப்பா மூடியை எடுத்துக்கொண்டாள்.

"பேக்டரிக்கே போங்கன்னு நானும் சண்டை போட்டனுங்க. 'நீ எங்கிட்டக் கேட்டது இது ஒண்ணுதான புள்ள'ன்னு சொல்லிப்போட்டுக் காட்டுக்குப் போயிட்டாரு."

டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, வழியை விட்டு நகர்ந்தாள்.

"இப்பத் தூக்குங்க."